லேபர் றூம் புத்தகமும் காலாண்டு அறிக்கையும் ஒத்துப்போகுதில்லை: பச்சிளம் சிசுத் தரவை எங்கயிருந்து சரிபார்க்கிறது?

வடலி (கேள்வி)

வணக்கம். மாவட்ட மட்டத்தில ஒரு காலாண்டுக்கான பச்சிளம் சிசுத் தரவுகளைச் சேர்க்கேக்க ஒரே மூண்டு மாதத்துக்கு நாலு விதமான எண்ணிக்கை வருது. விளங்கிறதுக்காக ஒரு மாதிரிக் கணக்கு சொல்லுறன். லேபர் றூம் புத்தகத்தில 612, வைத்தியசாலையின்ர மாத அறிக்கைகளைக் கூட்டினால் 598, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில இருந்து வாறது 571, பதிவாளரிட்ட 604. இறப்புகளும் இப்பிடித்தான், ஒரு இடத்தில 3, இன்னொரு இடத்தில 5.

என்ர கேள்விகள்:

1. உயிர்ப்பிறப்பு எண்ணிக்கையில இந்த வித்தியாசம் வழமையா எங்க உருவாகுது? எந்தப் புத்தகத்தை அடிப்படையா வைக்கிறது?

2. இறந்துபிறப்பு, பிறந்து கொஞ்ச நேரத்தில இறந்தது, இந்த ரண்டும் மாறி எழுதப்பட்டிருக்கு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

3. கொம்பியூட்டரில "100% பூர்த்தி" எண்டு காட்டுது. அதை நம்பலாமோ?

புத்தகத்தை விரிச்சு வைச்சு என்ன செய்யிறது எண்ட அளவில சொன்னால் பெரிய உதவி.

---

ஓலைக்கணக்கு

வடலி, நாலு எண்ணும் ஒண்டா வராது. வரவும் கூடாது, ஏனெண்டால் நாலும் நாலு விஷயத்தை எண்ணுது. லேபர் றூம் எண்ணுறது அந்தக் கட்டிலில நடந்த பிரசவம். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு எண்ணுறது தன்ர பகுதியில வசிக்கிற தாய்மாரின்ர பிள்ளையள். பதிவாளர் எண்ணுறது அந்தக் காலத்தில பதிஞ்ச பிறப்பு. இலங்கையில பிறப்பைப் பதிய 42 நாள் தவணை இருக்கிறதால மார்ச் கடைசியில பிறந்த பிள்ளை அடுத்த காலாண்டில போய் விழும். அதால "எது சரி" எண்டு கேட்க முதல் "எது எதை எண்ணுது" எண்டு ஒரு தாளில எழுதுங்கோ. அரைவாசி வித்தியாசம் அங்கயே தீரும்.

மிச்ச அரைவாசிதான் உண்மையான பிழை. அதைப் பிடிக்கிறதுக்கு:

முதல், லேபர் றூம் புத்தகத்தை மட்டும் எடுக்காதேங்கோ. சிசேரியன் பிள்ளையளின்ர விபரம் கன இடங்களில தியேட்டர் புத்தகத்தில தனியாக் கிடக்கும். அம்புலன்சிலயோ வீட்டிலயோ பிறந்து வந்த பிள்ளை லேபர் றூமுக்குள்ள போகாமல் நேரே வோட்டுக்குப் போயிருக்கும், எந்தப் பிரசவப் புத்தகத்திலயும் இராது. இந்த மூண்டையும் கூட்டினால்தான் மொத்தம்.

ரண்டாவது, பிரசவம் வேற, பிறப்பு வேற. இரட்டைப் பிள்ளையளை ஒரே வரியில "1, 2" எண்டு எழுதினால், வரியை எண்ணிறவர் ஒண்டு எண்டு எண்ணுவார். இந்தச் சமன்பாட்டை ஒவ்வொரு மாதமும் போட்டுப் பாருங்கோ:

உயிர்ப்பிறப்பு + இறந்துபிறப்பு = பிரசவங்கள் + இரட்டைப் பிரசவங்கள் + (மூன்று பிள்ளைப் பிரசவங்கள் × 2)

ஒண்டு பிசகினாலும் அந்த மாதத்தின்ர புத்தகத்தை வரி வரியாப் பாருங்கோ.

மூண்டாவது, இடமாற்றம். இறப்பு எண்ணிக்கை பிழைக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம். ஆதார வைத்தியசாலையில பிறந்த பிள்ளையை மூச்சுத் திணறலோட போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால், பிறப்பு ஒரு இடத்தில, இறப்பு இன்னொரு இடத்தில. பிறந்த இடம் "மாற்றி அனுப்பப்பட்டது" எண்டு எழுதி முடிச்சிடும். போன இடம் "வெளியில பிறந்தது" எண்டு தன்ர வீதத்தில சேர்க்காமல் விட்டால் அந்தப் பிள்ளை ரண்டு கணக்கிலயும் இல்லை. ரண்டு பேரும் சேர்த்தால் ரண்டு தரம். இதுக்கு ஒரே வழி, ஒவ்வொரு இறப்புக்கும் பிறந்த இடம், இறந்த இடம், தாயின்ர வதிவிடம் எண்டு மூண்டையும் எழுதி, எந்த வீதத்துக்கு எது பாவிக்கிறது எண்டு முதலே தீர்மானிக்கிறது.

சிசு தீவிர பராமரிப்புப் பிரிவுக்கும் ஒரு சமன்பாடு இருக்கு: மாதத் தொடக்கத்தில இருந்தவை + புதிதா வந்தவை (உள்ளே பிறந்தவை, வெளியே பிறந்தவை) = வீட்டுக்குப் போனவை + மாற்றி அனுப்பினவை + சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனவை + இறந்தவை + மாத முடிவில இருப்பவை. இது ஒத்து வராட்டி, இறப்பு எண்ணிக்கையை மேல அனுப்பவே வேண்டாம்.

எங்கட பக்கத்துக்கு உரிய இன்னொண்டு. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போற வழக்கத்தால, கர்ப்பத்தைப் பதிஞ்ச குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போறவர் இன்னொருவர். புகுந்த வீட்டுப் பகுதிக்காரர் "தாய் இங்க இல்லை" எண்டு விடுவார், தாய்வீட்டுப் பகுதிக்காரர் "எங்கட பதிவில்லை" எண்டு விடுவார். உங்கட 571 குறைவா இருக்கிறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். அயல் பிரிவுகளின்ர மாதக் கூட்டத்தில அப்பிடி வந்து போன தாய்மாரின்ர பட்டியலை நேரடியா மாற்றிக்கொள்ளுறது பத்து நிமிஷ வேலை. பட்டியலைப் பெயரோட வைபரில அனுப்பாதேங்கோ. பதிவிலக்கம் போதும்.

---

மருதநிலம்

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வரைவிலக்கணத்தை அச்சடித்துப் பிரசவ அறைச் சுவரில் ஒட்டாமல் இந்தப் பிழை குறையாது.

உயிர்ப்பிறப்பு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகால எல்லை எதையும் வைக்கவில்லை. தாயின் உடலிலிருந்து முழுமையாக வெளிவந்த பின் மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, தசையின் தெளிவான அசைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது உயிர்ப்பிறப்பு. 24 வாரத்தில் பிறந்து பத்து நிமிடம் இதயம் துடித்து நின்ற குழந்தை உயிருடன் பிறந்து இறந்த குழந்தையே. அதை இறந்துபிறப்பு என்று எழுதுவது பிழை. நாடுகளை ஒப்பிடும்போது 28 வாரமும் அதற்கு மேலும் உள்ளவற்றையே இறந்துபிறப்பாக எடுக்கிறார்கள். பல நாடுகள் தம் உள்ளகப் பதிவில் 22 வாரத்திலிருந்து எழுதுகின்றன. இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால் எண் பயனற்றதாகிவிடும்.

ஏன் மாறி எழுதப்படுகிறது? குழந்தையை எவரும் உயிர்ப்பிக்க முயலவில்லை என்றால் மெல்லிய இதயத் துடிப்பு கேட்கப்படுவதே இல்லை. இன்னொரு காரணம் பயம்: உயிருடன் பிறந்து இறந்தது என்றால் விசாரணை, விளக்கம், கூட்டம். குடும்பத்தின்மீது இரக்கமும் உண்டு: பிறப்பும் இறப்புமாக இரண்டு பதிவுகளுக்கு அலைய வேண்டாமே என்று. இரக்கத்தால் எழுதினாலும் விளைவு ஒன்றுதான். தடுத்திருக்கக்கூடிய இறப்பு கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. பையும் முகமூடியும் கொண்டு மூச்சுக் கொடுக்கும் பயிற்சி நடந்த பிறகு ஓரிடத்தில் இறந்துபிறப்பு குறைந்து முதல் நாள் இறப்பு கூடினால், சேவை மோசமாகிவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். முன்பு "இறந்து பிறந்தது" என்று எழுதப்பட்ட குழந்தைகள் இப்போது சரியான நிரலுக்கு வந்திருக்கலாம்.

புத்தகத்தில் தேட வேண்டியவை:

இறந்துபிறப்பு என்று எழுதிய வரியில் அப்கார் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்கு 0 முதல் 10 வரை போடும் புள்ளி) 1, 2 என்று இருந்தால் முரண். பூச்சியம் தவிர எதுவும் இருக்க முடியாது.

தாய் அனுமதிக்கப்பட்டபோது கருவின் இதயத் துடிப்பு கேட்டதா என்பது ரிக்கற்றில் (தாயின் வைத்தியசாலைக் குறிப்பேட்டில்) இருக்கும். "புதியது", "தோல் உரிந்தது" என்ற பிரிப்பை மட்டும் நம்பாதீர்கள். கரு இறந்து பல மணித்தியாலங்கள் கழித்தே தோல் மாற்றம் தெரியும், ஆகவே பிரசவவலிக்கு முன்பே இறந்ததும் "புதியது" போலத் தோன்றலாம்.

உலகளவில் 28 வாரத்துக்கு மேற்பட்ட இறந்துபிறப்புகளும் முதல் வார இறப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. பச்சிளம் சிசு இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலும், மூன்றில் ஒரு பங்கு பிறந்த நாளிலும் நிகழ்கின்றன. ஒரு மாவட்டத்தின் மூன்று வருடத் தரவில் பிறந்த நாள் இறப்பு ஏறத்தாழ இல்லை என்றால் அந்தக் குழந்தைகள் எங்கே எழுதப்பட்டார்கள் என்று தேடுங்கள்.

வயதைக் கணக்கிடுவதும் சிக்கல். மருத்துவத்தில் பிறந்த நாள் பூச்சியம். 0 முதல் 6 வரை முந்திய காலம், 7 முதல் 27 வரை பிந்திய காலம். 28 ஆனால் பச்சிளம் பருவம் முடிந்தது. எங்கள் குடும்பங்களோ பிறந்த நாளை முதலாம் நாள் என்று எண்ணும், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பதும் அந்தக் கணக்கில்தான். வீட்டில் விசாரிக்கும்போது "ஏழாம் நாள் பிள்ளை போயிட்டுது" என்றால் அது நம் கணக்கில் 6, அதாவது முந்திய காலம். ஆகவே வயதை எழுதாமல் பிறந்த திகதி நேரத்தையும் இறந்த திகதி நேரத்தையும் எழுதுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் என்றால் மணித்தியாலமும் நிமிடமும் அவசியம்.

கர்ப்பகாலத்திலும் முடிந்த வாரத்தை மட்டும் எடுக்க வேண்டும். 36 வாரம் 6 நாள் என்பது 36, குறைமாதம். அதை 37 என்று உயர்த்தி எழுதும் பழக்கம் குறைமாதப் பிறப்புகளைக் காணாமற் செய்துவிடுகிறது.

---

வடலி

மிக்க நன்றி. நிறை பற்றியும் கேட்க மறந்துபோனன். குறைந்த பிறப்பு நிறை வீதம் பிரிவுக்குப் பிரிவு ஏறி இறங்குது, ஆனால் தாய்மாரின்ர நிலையில அப்பிடி வித்தியாசம் இல்லை.

---

தராசு

வடலி, முதல்ல தராசைப் பாருங்கோ, பிறகு எழுதுற கையைப் பாருங்கோ.

குறைந்த பிறப்பு நிறை எண்டால் 2500 கிராமுக்குக் குறைவு. சரியா 2500 எண்டால் அது குறைவில்லை. இந்த எல்லைக்கோடு உருண்டை எண்ணில விழுறதுதான் பிரச்சினை. 2460, 2480 எல்லாம் "ரண்டரைக் கிலோ" ஆகிவிடும். 400 பிறப்பில 60 பிள்ளையள் குறைந்த நிறை எண்டால் 15%. அதில 12 பேரை 2500 எண்டு எழுதினால் 48, அதாவது 12%. ஒரு திட்டத்தின்ர வெற்றி எண்டு காட்டக்கூடிய அளவு இறக்கம், ஆனால் ஒரு பிள்ளையின்ர நிறையும் கூடேல்லை.

எக்செலில நிறை நிரலை எடுத்து மூண்டு எண்ணிக்கை பாருங்கோ. தராசு 10 கிராம் வரைக்கும் காட்டுமெண்டால் "00" இல முடியிற நிறைகள் பத்தில ஒண்டுதான் இருக்க வேணும். 500 இன் மடங்குகள் (2000, 2500, 3000, 3500) ஐம்பதில ஒண்டு அளவில இருக்க வேணும். முப்பது வீதம் அதில குவிஞ்சு கிடந்தால் ஆரும் தராசைப் பார்த்து எழுதேல்லை, அல்லது முள்ளுத் தராசைப் பாவிக்கினம். மூண்டாவது, 2400 முதல் 2499 வரைக்கும் எத்தினை, 2500 முதல் 2599 வரைக்கும் எத்தினை. பின்னது கொஞ்சம் கூட இருக்கிறது இயல்பு. ரண்டு மடங்குக்கு மேல போனால் கோட்டுக்கு அங்கால தள்ளி எழுதியிருக்கு.

தராசு எண்டால்: மட்டமான மேசை, மேல ஓடுற ஃபானின்ர காத்து படாத இடம், துணியை வைச்சுப் பூச்சியமாக்கிப் போட்டுத்தான் பிள்ளை. துணியோட நிறுத்துக் கழிக்கிறது எண்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு கழிப்பினம். கிழமைக்கு ஒருக்கால் 2 கிலோ நியமப் படிக்கல்லை வைச்சுப் பார்த்து, காட்டின எண்ணைத் திகதியோட எழுதுங்கோ. 20 கிராமுக்கு மேல விலகினால் திருத்தக் குடுக்கிறது எண்டு ஒரு எல்லையை முதலே போட்டு வையுங்கோ. பற்றரி இறங்கேக்க சில தராசு எண் காட்டும், ஆனால் பிழையான எண்.

அடுத்தது நேரம். பிள்ளை முதல் மணித்தியாலம் தாயின்ர நெஞ்சில கிடந்து பால் குடிக்கிறதைக் குழப்பாமல், அது முடிஞ்ச கையோட நிறுக்க வேணும். நாள் போனால் நிறை இறங்கும். முதல் சில நாளில 6, 7 வீதம் இறங்கிறது வழமை. 2600 இல பிறந்த பிள்ளை 6% இறங்கினால் 2444. மாற்றி அனுப்பின பிள்ளைக்குத் தீவிர பராமரிப்புப் பிரிவில போட்ட அனுமதி நிறையைப் பிறப்பு நிறை நிரலில எழுதினால், நல்ல நிறையில பிறந்த பிள்ளையும் குறைந்த நிறை ஆகிவிடும். படிவத்தில ரண்டு கட்டம் தனித்தனியா வேணும். கடைசியா ஒண்டு: மிகச் சிறிய குறைமாதப் பிள்ளையளையும் இறந்து பிறந்ததையும் நிறுக்காமல் விடுறது நடக்குது. அந்த வெற்றுக் கட்டங்கள் பெரும்பாலும் குறைந்த நிறைப் பக்கத்துப் பிள்ளையள்தான்.

---

நாவற்குழிக்காற்று

இவ்வளவு புத்தகம் வைச்சு எண்ணுறதுக்கு லேபர் றூமில ஒரு ரப்லெட் குடுத்து நேரே சிஸ்டத்தில பதிய விட்டால் என்ன? சிஸ்டமே முரணைப் பிடிக்கும்தானே. எங்கட குடும்ப சுகாதாரப் பணியகத்தின்ர தகவல் முறைமையும் டிஎச்ஐஎஸ்-2 எண்ட சுகாதாரத் தரவு மென்பொருளிலதான் ஓடுது.

---

ஓலைக்கணக்கு

தம்பி, ரப்லெட்டுக்கு நான் எதிர் இல்லை. ஆனால் புத்தகத்தை நிறுத்தாமல் ரப்லெட்டைக் குடுத்தால் ஒரே மிஸ்ஸி ஒரே பிள்ளையை ரண்டு தரம் எழுத வேணும். இரவு ட்யூட்டியில நாலு பிரசவம் எண்டால் புத்தகம் அப்ப நிரம்பும், ரப்லெட் விடிய நினைவில இருந்து நிரம்பும். அப்ப எழுதுற அப்கார் எல்லாம் 9, 10.

சிஸ்டம் பிடிக்கிற முரண், நாங்கள் போட்டுக் குடுத்த விதியளவுதான். வடலியின்ர மூண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில். "பூர்த்தி" எண்டு காட்டுறது படிவத்தை முடிச்சதா அழுத்தின பொத்தான். உள்ளுக்குள்ள எத்தினை கட்டம் நிரம்பியிருக்கு எண்டது வேற. டிஎச்ஐஎஸ்-2 இல ஒரு தரவுக்கூறுக்கு (படிவத்தின்ர ஒரு கட்டத்துக்கு) பூச்சியத்தைச் சேமிக்கச் சொல்லி அமைப்பில குறிக்காட்டி, நீங்கள் 0 அடிச்சாலும் அது சேமிக்கப்படாது. பிறகு பார்க்கேக்க "இறப்பு இல்லை" என்றதும் "ஆரும் எழுதேல்லை" என்றதும் ஒரே வெற்றுக் கட்டம். சிசு இறப்பு, இறந்துபிறப்பு, உயிர்ப்பிப்பு ஆகிய கூறுகளுக்கு அந்தக் குறியைப் போட்டிருக்கோ எண்டு நிர்வகிக்கிற ஆக்களிட்ட கேளுங்கோ. விதிகளில குறைஞ்சது இவை வேணும்: உயிர்ப்பிறப்பை விடக் குறைந்த நிறைப் பிறப்பு கூட இருக்க ஏலாது, நிறுத்த பிள்ளையள் உயிர்ப்பிறப்பை விடக் கூட இருக்க ஏலாது, முதல் நாள் இறப்பு முதல் வார இறப்புக்குள்ள அடங்க வேணும்.

புத்தகமும் தன்பாட்டில உண்மை சொல்லாது. 2017-18 இல பங்களாதேஷ், நேபாளம், தன்சானியா மூண்டு நாட்டிலயும் ஐந்து வைத்தியசாலைகளில இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பக்கத்தில நிண்டு கவனிச்சு, அதைப் புத்தகத்தோடயும், வீட்டுக்குப் போக முதல் தாய் சொன்னதோடயும் ஒப்பிட்ட என்-பேர்த் ஆய்வு இருக்கு. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள பால் குடுத்தது என்றதைப் புத்தகமும் கூட்டிக் காட்டிச்சுது, தாய்மார் சொன்னதும் கூட்டிக் காட்டிச்சுது. அதே நேரம், மூச்சுக் குடுத்தது போன்ற விஷயத்தைத் தாயிட்டக் கேட்டுப் பயனில்லை, அவவுக்குத் தெரியாது. அதுக்குப் புத்தகம்தான் நல்லது. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எந்த மூலம் தாங்கும் எண்டு தனித்தனியாத்தான் பார்க்க வேணும்.

புத்தக நிரலில "ஆம்" எண்டு மட்டும் எழுதுற முறை கூடாது. ஆம், இல்லை, தெரியாது எண்டு மூண்டு குறியும் இருக்க வேணும். வெற்றுக் கட்டத்தை "இல்லை" எண்டு எடுக்கிறதா, "எழுதேல்லை" எண்டு எடுக்கிறதா எண்டு ஆரும் சொல்ல ஏலாது.

சரிபார்ப்புக்கு ஒரு அளவும் இருக்கு: புத்தகத்தை மீள எண்ணி வந்த எண்ணை, அறிக்கையில போன எண்ணால பிரியுங்கோ. 0.90 இலிருந்து 1.10 வரைக்கும் எண்டால் பிறப்பு எண்ணிக்கைக்கு ஏற்கிறது வழமை. இறப்புக்கு இந்தப் பத்து வீதச் சலுகை கிடையாது. ஒவ்வொரு இறப்பையும் ரிக்கற் இலக்கத்தோட புத்தகத்தில தொட்டுப் பார்க்க வேணும்.

---

மருதநிலம்

இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன்.

ஒரு பிரிவில் வருடத்துக்கு 1000 உயிர்ப்பிறப்பு, 5 இறப்பு என்றால் வீதம் ஆயிரத்துக்கு 5. ஆனால் ஐந்து என்ற சிறிய எண்ணின் 95% நம்பிக்கை எல்லை (தற்செயலை மட்டும் கருதினால் உண்மை வீதம் இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 1.6 முதல் 11.7 வரை விரியும். அடுத்த வருடம் 8 ஆனால் அந்த உத்தியோகத்தர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது நியாயமில்லை. அப்படிக் கேட்டால் அதற்கடுத்த வருடம் எண் தானாகக் குறையும், குழந்தைகள் பிழைத்ததால் அல்ல. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். பிரிவு மட்டத்தில் வீதத்தைவிட ஒவ்வொரு இறப்பின் மீளாய்வே பயன் தரும்.

பகுதி எண்ணும் (வீதத்தில் கீழே வரும் எண்) கவனிக்கப்பட வேண்டும். மதிப்பிடப்பட்ட பிறப்புகளை வைத்துச் சேவை வீதம் பார்த்தால், குடிசன மதிப்பீட்டின் பிழை எல்லாம் உங்கள் வீதத்துக்குள் வரும். யாழ்ப்பாணத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1981க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணிய கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. வெளியூர் போவதும் திரும்புவதும் பிறப்பு குறைவதும் மதிப்பீட்டை வேகமாகப் பழசாக்கிவிடும். பதியப்பட்ட உயிர்ப்பிறப்பையே பகுதி எண்ணாக எடுங்கள்.

இறப்புக் காரணத்தில் "இதயமும் சுவாசமும் நின்றது" என்று எழுதுவது காரணமல்ல, எல்லா இறப்பும் அப்படித்தான் முடிகிறது. "குறைமாதம்" மட்டும் எழுதுவதும் போதாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பேறுகால இறப்பு வகைப்படுத்தல் மூன்றைச் சேர்த்துக் கேட்கிறது: இறப்பு பிரசவவலிக்கு முன்பா, வலியின்போதா, பிறந்த பின்பா, சிசுவில் என்ன காரணம், தாயில் என்ன நிலை. தாயின் உயர் குருதியமுக்கம் எழுதப்படாவிட்டால், தடுக்க வேண்டிய இடம் கர்ப்பகாலக் கிளினிக் என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

---

வடலி

கடைசியா ஒண்டு. மூடின காலாண்டில பிழை கண்டுபிடிச்சால் திருத்துறதோ, அடுத்த காலாண்டில சேர்க்கிறதோ?

---

ஓலைக்கணக்கு

அடுத்த காலாண்டில சேர்க்கவே கூடாது, ரண்டு காலாண்டும் பிழைச்சுப் போகும். மூடின காலத்தைத் திறந்து தரச்சொல்லி எழுத்தில கேட்டு, நடந்த மாதத்திலயே திருத்துங்கோ. புத்தகத்தில வெள்ளை மை பூசாதேங்கோ. பழைய எண் வாசிக்கத் தெரியிற மாதிரி ஒரு கோடு, பக்கத்தில புது எண், கையொப்பம், திகதி. திருத்தின காரணத்தை ஒரு வரியில எழுதி, அந்த வரியை எழுதின மிஸ்ஸிக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் திருப்பி அனுப்புங்கோ. "14 ஆம் திகதி இரட்டையில ரண்டாவது பிள்ளை விடுபட்டது" எண்டு அவையளுக்குத் தெரிஞ்சால் அடுத்த மாதம் ரண்டு வரி எழுதுவினம்.